தட்டு, விடுதி, உதவித்தொகை: மேகநாத் சாஹாவின் மாணவப் பருவம் எழுப்பும் கேள்விகள்

விண்மீனிலிருந்து வரும் ஒளியைப் பகுத்து அதன் வெப்பநிலையை அறியும் வழியை உலகிற்குத் தந்தவர் என்று மேகநாத் சாஹாவை இயற்பியல் பாடநூல்கள் அறிமுகம் செய்கின்றன. அவர் பெயரால் வழங்கும் சமன்பாட்டை இன்றும் முதுகலை மாணவர்கள் படித்துத் தேர்வு எழுதுகின்றனர். ஆனால் அந்தச் சமன்பாட்டை எழுதியவர், உண்ட தட்டைத் தானே கழுவ வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் பள்ளிக்குச் சென்ற சிறுவன் என்பது அந்நூல்களில் இல்லை. கல்லூரி விடுதியின் உணவுக்கூடத்தில் அவரோடு அமர்ந்து உண்ணச் சக மாணவர் சிலர் மறுத்தனர் என்பதும் இல்லை.

வறுமையை அறிவால் வென்ற மேதை என்று அவரது வாழ்க்கையைச் சொல்லி முடித்துவிடுவது எளிது. பள்ளி ஆண்டுவிழாக்களுக்கு அது போதும். நமக்கு அது போதாது. சாஹாவின் வாழ்வில் ஒவ்வொரு திருப்பத்திலும் ஓர் உதவித்தொகையோ, ஒரு விடுதி இடமோ, ஒரு பொதுப் பல்கலைக்கழகத்தின் புதிய பணியிடமோ இருந்தது. அவை கிடைத்த இடத்தில் அவர் முன்னேறினார். கிடைக்காத இடத்தில் அவரது அறிவும் தடுமாறியது. அவரது மாணவப் பருவத்தை இந்தக் கண்ணோட்டத்தில் மீண்டும் வாசிக்க வேண்டும் என்பதே நம் கருத்து.

முதலில் ஒரு தெளிவு. சாஹா இன்றைய பட்டியல் சாதிகளுள் ஒன்றைச் சேர்ந்தவர் அல்லர். வங்கத்தில் வணிகம் செய்துவந்த, ஆனால் உயர்சாதியினர் தண்ணீர் வாங்கிக் குடிக்காத சாதிகளுள் ஒன்றாக வைக்கப்பட்டிருந்த சமூகத்தில் பிறந்தவர். தலித் மாணவர்கள் அன்றும் இன்றும் எதிர்கொள்ளும் கொடுமை அவர் கண்டதினும் பன்மடங்கு கடுமையானது. எனினும், தேர்வில் முதலிடம் பெறும் மாணவரையும் தட்டை வைத்து எடைபோடும் அமைப்பு எவ்வாறு இயங்குகிறது என்பதை அவரது வாழ்வு தெளிவாகக் காட்டுகிறது. அதனால்தான் அதை இங்கே எழுதுகிறோம்.

மாதம் பதினோரு ரூபாய்

1893 அக்டோபர் 6 அன்று, இன்றைய வங்கதேசத்தில் டாக்காவுக்கு அருகிலுள்ள சியோராதலி என்னும் சிற்றூரில் சாஹா பிறந்தார். தந்தை ஜகந்நாத் சிறிய மளிகைக் கடை நடத்தியவர். தாய் புவனேசுவரி தேவி. எட்டுக் குழந்தைகளுள் ஐந்தாவது பிள்ளை. மூத்த மகனின் படிப்பு நல்ல வேலைக்கு வழிவகுக்கவில்லை என்பதைக் கண்டிருந்த தந்தைக்கு, இந்தப் பிள்ளை எழுதப் படிக்கத் தெரிந்துகொண்டு கடையில் அமர்ந்தால் போதும் என்ற எண்ணமே இருந்தது.

ஊரில் தொடக்கப் பள்ளி மட்டுமே உண்டு. அடுத்த நிலைப் பள்ளி பத்துக் கிலோமீட்டர் தொலைவில் சிமுலியாவில் இருந்தது. அங்கிருந்த மருத்துவர் அனந்த குமார் தாஸ் தம் வீட்டில் உணவும் இடமும் தர முன்வந்தார். அதற்கு ஈடாகச் சிறுவன் மாட்டைப் பராமரிக்க வேண்டும். தான் உண்ட தட்டைத் தானே கழுவ வேண்டும். மாட்டைப் பராமரிப்பது உழைப்பு. தட்டைக் கழுவுவது அப்படிப்பட்டதன்று. கீழ்ச்சாதி என்று கருதப்பட்டவரின் எச்சிற்பாத்திரத்தை அவ்வீட்டில் வேறொருவர் தொடலாகாது என்ற வழக்கத்தின் விளைவு அது. உதவி செய்த கையும் சாதியை விட்டுவிடவில்லை. ஆயினும் அந்த உதவி இல்லையெனில் படிப்பே இல்லை. ஒடுக்கப்பட்ட சமூகங்களின் முதல் தலைமுறை மாணவர்கள் பலருக்கும் இந்தச் சங்கடம் பழக்கமானதுதான்.

மாவட்டத் தேர்வில் முதலிடம் பெற்றதால் சாஹாவுக்கு மாதம் 4 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. 1905இல் டாக்கா கல்லூரிப் பள்ளியில் சேர்ந்தார். சணல் நிறுவனம் ஒன்றில் மாதம் 20 ரூபாய் ஊதியத்தில் வேலை பார்த்த அண்ணன் ஜெயநாத் அதிலிருந்து 5 ரூபாய் அனுப்பினார். சமூகச் சங்கம் ஒன்று 2 ரூபாய் தந்தது. ஆக 11 ரூபாய். ஒரு நகரத்தில் தங்கி, உண்டு, நூல் வாங்கிப் படிப்பதற்கான அவரது முழு நிதியும் இவ்வளவுதான்.

அதே ஆண்டில் கர்சன் வங்கத்தைப் பிரித்தார். ஆளுநர் ஃபுல்லர் பள்ளிக்கு வந்தபோது நடந்த புறக்கணிப்பில் பங்கேற்றதாகச் சாஹா உள்ளிட்ட மாணவர்கள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். உதவித்தொகையும் போயிற்று. வசதி படைத்த மாணவனுக்கு அது ஓர் ஆண்டு இழப்பு; சாஹாவுக்கோ அது படிப்பின் முடிவாக இருந்திருக்கக்கூடும். கிஷோரிலால் ஜூபிலி பள்ளி அவரைக் கட்டணமின்றிச் சேர்த்துக்கொண்டதால் அவர் தப்பினார். 1909ஆம் ஆண்டு நுழைவுத் தேர்வில் கிழக்கு வங்கத்தில் முதலிடம் பெற்றார். போராட்டத்தில் கலந்துகொண்ட மாணவரின் உதவித்தொகையில் கைவைப்பது நிர்வாகங்களின் பழைய ஆயுதம் என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

ஈடன் இந்து விடுதி

1911இல் சாஹா கல்கத்தா மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். இந்திய அறிவியல் வரலாற்றில் அதற்கு ஒப்பான வகுப்பு அரிது. சத்யேந்திரநாத் போஸ், ஞான சந்திர கோஷ் ஆகியோர் உடன் பயின்றனர். மகலனோபிஸ் ஓராண்டு மூத்தவர். ஜகதீச சந்திர போஸ் இயற்பியலும் பிரபுல்ல சந்திர ராய் வேதியியலும் கற்பித்தனர். 1913இல் கணிதத்தில் இளநிலைப் பட்டம், 1915இல் பயன்முறைக் கணிதத்தில் முதுநிலைப் பட்டம்; இரண்டிலும் சத்யேந்திரநாத் முதலிடம், சாஹா இரண்டாமிடம்.

வகுப்பறைக்குள் இந்த மாணவர்கள் சமமானவர்கள். மாலையில் விடுதிக்குத் திரும்பியதும் நிலை வேறு. கல்லூரியைச் சார்ந்த ஈடன் இந்து விடுதியில் சாஹா தங்கியிருந்தார். இந்து மாணவர்களுக்கான விடுதி என்பதால் அவருக்கு அங்கே இடம் கிடைத்தது. ஆனால் உணவுக்கூடத்தில் அவரோடு சேர்ந்து உண்ண உயர்சாதி மாணவர் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். சரசுவதி பூசையிலும் அவர் தடுக்கப்பட்டார். கல்விக்குரிய தெய்வமாகக் கருதப்படுபவளின் முன்னே, அக்கல்லூரியின் மிகச் சிறந்த மாணவர்களுள் ஒருவர் நிற்கக் கூடாது என்றனர் அவரினும் குறைந்த மதிப்பெண் பெற்றவர்கள். சேர்க்கைப் பதிவேட்டில் இந்துவாக எண்ணப்பட்டவர், பந்தியிலும் பூசையிலும் இந்துவாக எண்ணப்படவில்லை.

பின்னர் சாஹா விடுதியை விட்டு வெளியேறி, நண்பர்களோடு தனியார் மெஸ் ஒன்றில் தங்கினார். அவரோடு நின்ற உயர்சாதி நண்பர்களும் இருந்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வெளியேற வேண்டியிருந்தது யார் என்பதை மறக்கவும் கூடாது. பாகுபாடு காட்டியவர்கள் தத்தம் அறைகளிலேயே இருந்தனர்; பாகுபாட்டுக்கு ஆளானவரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு இடம் தேடினார். நூறாண்டுகளுக்குப் பின்னும் நம் வளாகங்களில் இந்த ஒழுங்கு பெரிதும் மாறிவிடவில்லை.

சிறுவயதில் பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் மேகநாத், அதாவது மழைக்கு அதிபதியான இந்திரன் என்றும், பின்னர் அவரே அதை இந்திரனை வென்ற இராவணன் மகனின் பெயரான மேகநாத(ன்) என்று பொருள்படும்படி வங்க எழுத்தில் மாற்றிக்கொண்டார் என்றும் அவரது வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். இந்திரஜித்தை நன்கறிந்த தமிழ் வாசகர்களுக்கு இந்த மாற்றத்தின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

வளர்ந்துகொண்டிருந்த பல்கலைக்கழகம்

படிப்பு முடிந்ததும் இந்திய நிதிப்பணித் தேர்வை எழுத சாஹா விரும்பினார். அதே தேர்வில் வென்றுதான் சென்னை மாநிலக் கல்லூரி மாணவரான சி.வி. ராமன் 1907இல் கல்கத்தாவில் அதிகாரியாகப் பணியேற்றிருந்தார். சாஹாவுக்கோ தேர்வெழுதவே அனுமதி கிடைக்கவில்லை. புரட்சியாளர்களோடு தொடர்புடையவர் என்று அரசு ஐயுற்றது. தன்னையும் தம்பியையும் காப்பாற்ற, மிதிவண்டியில் நகரின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குச் சென்று தனிப்பயிற்சி வகுப்புகள் எடுத்து வாழ்ந்தார்.

அந்த நேரத்தில் கல்கத்தா பல்கலைக்கழகம் மாறிக்கொண்டிருந்தது. 1857இல் சென்னை, பம்பாய்ப் பல்கலைக்கழகங்களோடு தோன்றிய அது, நெடுங்காலம் பெரும்பாலும் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே இருந்தது. துணைவேந்தர் அசுதோஷ் முகர்ஜி அதைக் கற்பிக்கும், ஆராயும் நிறுவனமாக மாற்ற முனைந்தார். அரசு நிதி போதிய அளவில் வராத நிலையில் வழக்கறிஞர்களான தாரக்நாத் பாலித், ராஷ்பிகாரி கோஷ் ஆகியோரின் நன்கொடையைக் கொண்டு அறிவியல் கல்லூரிக்கு 1914இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1916இல் இருபதுகளின் தொடக்கத்திலிருந்த சாஹாவும் சத்யேந்திரநாத்தும் அங்கே விரிவுரையாளர்களாக அமர்த்தப்பட்டனர்.

கணிதத் துறையில் பேராசிரியரோடு ஒத்துப்போகாமல் இருவரும் இயற்பியலுக்கு மாறினர். இயற்பியலில் முதுநிலை வகுப்புப் படிக்காத இருவர் இயற்பியலில் முதுநிலை வகுப்பு நடத்த வேண்டிய நிலை. ஆய்வுக்கூடத்தில் கருவிகள் இல்லை. முதல் உலகப் போரால் ஐரோப்பிய ஆய்விதழ்கள் வரவில்லை. சிவ்பூர் பொறியியல் கல்லூரியிலிருந்த புரூல் என்னும் ஜெர்மானியரின் சொந்த நூல்களை இரவல் வாங்கிப் படித்தனர். ஜெர்மன் மொழி அறிந்திருந்ததால் வெப்ப இயக்கவியலையும் நிறமாலையியலையும் மூலநூல்களிலிருந்தே கற்று, கற்றதை மறுநாள் கற்பித்தனர். ஐன்ஸ்டைனின் சார்பியல் கட்டுரைகளை இருவரும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தனர். 1920இல் பல்கலைக்கழகமே அதை வெளியிட்டது.

குறைகள் நிறைந்த, ஆனால் புதியவர்களுக்கு இடம்விட்ட நிறுவனம் அது. பணியிடங்கள் புதியவை; அவற்றில் பரம்பரையாக அமர்ந்திருந்தோர் எவரும் இல்லை. ஒரு பொதுப் பல்கலைக்கழகம் வளரும்போது, அதுவரை வாசலுக்கு வெளியே நின்றவர்களுக்கு உள்ளே நாற்காலி கிடைக்கிறது. அது சுருங்கும்போது முதலில் வெளியேற்றப்படுபவர்களும் அவர்களே. மளிகைக் கடைக்காரரின் மகன் விரிவுரையாளரானது அந்த வளர்ச்சியின் பயன்.

அச்சுச் செலவு

1917இல் விண்மீன்களின் ஒளி அணுக்கள் மீது செலுத்தும் அழுத்தம் பற்றி சாஹா ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதி அமெரிக்காவின் வானியற்பியல் ஆய்விதழுக்கு அனுப்பினார். கட்டுரை நீண்டதாக இருந்ததால் அச்சுச் செலவில் ஒரு பகுதியை அவர் ஏற்க வேண்டும் என்று பதில் வந்தது. பெற்றோரையும் தம்பியையும் தாங்கிக்கொண்டிருந்த விரிவுரையாளரிடம் அந்தப் பணம் இல்லை. ஒரு சிறு குறிப்பு மட்டுமே அவ்விதழில் வந்தது. முழுக் கட்டுரை கல்கத்தா பல்கலைக்கழகத்தின் சொந்த ஆய்விதழில் வெளியாகி, உலகின் கண்ணில் பெரிதும் படாமல் போயிற்று. அதே துறையில் பின்னர் மற்றவர்கள் பெயர் பெற்றதைக் கண்ட வருத்தம் அவரிடம் நெடுநாள் இருந்தது.

தகுதி என்று நாள்தோறும் பேசுவோர் இந்த நிகழ்ச்சியைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம். கட்டுரையின் தகுதியில் குறை காணப்படவில்லை. கட்ட வேண்டிய தொகைதான் குறைந்தது. இன்று ஆய்விதழ்கள் கேட்கும் கட்டணத்தைக் கட்ட முடியாமல் காத்திருக்கும் முதல் தலைமுறை ஆய்வாளர்களுக்கு இது பழங்கதையன்று.

1920இல் அவரது பெயரை நிலைநிறுத்திய கட்டுரை இலண்டனின் ஆய்விதழில் வெளியானது. மிகுந்த வெப்பத்தில் அணுக்கள் எலக்ட்ரான்களை இழக்கின்றன. எத்தனை விழுக்காடு இழக்கும் என்பது வெப்பநிலையையும் அழுத்தத்தையும் பொறுத்தது. அதைக் கணக்கிட்டால், ஒரு விண்மீனின் நிறமாலையில் சில கோடுகள் ஏன் தெரிகின்றன, சில ஏன் மறைகின்றன என்பது விளங்கும். அதுவரை விண்மீன்களின் நிறமாலைகளை வகை பிரித்து அடுக்கி வைத்திருந்தனரே தவிர, அவ்வகைகளின் காரணம் தெளிவாக விளங்கியிருக்கவில்லை. சாஹாவின் கணக்கு அதைத் திறந்தது. ஐந்தாண்டுகளுக்குப் பின் சிசிலியா பெய்ன் அதைக் கையாண்டு, விண்மீன்களில் மிகுதியாக இருப்பது ஹைட்ரஜனே என்று காட்டினார். பெண் என்பதால் கேம்பிரிட்ஜில் பட்டம் பெற முடியாமல் அமெரிக்கா சென்றவர் அவர். ஒரு வாசலில் தடுக்கப்பட்டவரின் கணக்கை, வேறொரு வாசலில் தடுக்கப்பட்டவர் முன்னெடுத்துச் சென்றார்.

பேராசிரியராக

ஆய்வு உதவித்தொகைகளைக் கொண்டு இலண்டனிலும் பெர்லினிலும் பணியாற்றித் திரும்பிய சாஹா, 1921இல் கல்கத்தாவில் பேராசிரியரானார். ஆய்வுக்கூடத்திற்குப் பணம் இல்லை. பல்கலைக்கழகத்திற்கும் அரசுக்கும் ஓயாத பிணக்கு. 1923இல் அலகாபாத் சென்றார். அங்கும் கற்பித்தல் சுமையே மிகுதி. நூலகமும் பட்டறையும் பின்தங்கியிருந்தன. பதினைந்து ஆண்டுகள் இருந்து அத்துறையை நாடறிந்த ஆய்வு மையமாக்கினார். 1927இல் இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராக்கியது. ஸ்ரீவாஸ்தவாவோடு சேர்ந்து 1931இல் எழுதிய வெப்பவியல் பாடநூல் தலைமுறைகளாக இந்தியக் கல்லூரிகளில் பயிலப்பட்டது.

அலகாபாத்தில் அவரிடம் பயின்றவர்களுள் ஒருவர் தவுலத் சிங் கோத்தாரி. 1964 முதல் 1966 வரை இயங்கிய கல்விக் குழுவின் தலைவராக, அனைத்துப் பிள்ளைகளும் ஒரே தரத்தில் படிக்கும் பொதுப்பள்ளி முறையையும், நாட்டு வருவாயில் 6 விழுக்காட்டைக் கல்விக்கு ஒதுக்குவதையும் பரிந்துரைத்தவர் அவரே. இரண்டும் இன்றுவரை நிறைவேறவில்லை.

1938இல் கல்கத்தாவுக்குத் திரும்பிய சாஹா, முதுநிலைப் பாடத்திட்டத்தில் அணுக்கரு இயற்பியலைச் சேர்த்தார்; அதற்கெனப் பல்கலைக்கழகத்திலேயே ஓர் ஆய்வு நிறுவனத்தையும் உருவாக்கினார். அது 1950இல் திறக்கப்பட்டது. அணு ஆராய்ச்சி பல்கலைக்கழகங்களில் வேர்கொள்ள வேண்டும், மாணவர்கள் அதற்குள் வளர வேண்டும் என்று அவர் வாதாடினார். அரசு தனி நிறுவனங்களின் வழியைத் தேர்ந்தது. பணமும் கருவியும் அங்கே சென்றன. மாணவர்கள் பல்கலைக்கழகத்தில் எஞ்சினர்.

1948இல் அமைக்கப்பட்ட இராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழுவிலும் அவர் உறுப்பினர். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியாரும் அக்குழுவில் இருந்தார். பல்கலைக்கழக மானியக் குழு உருவாக அதன் அறிக்கை வழிவகுத்தது.

கையும் மூளையும்

சாதியைத் தம் சொந்தக் காயமாக மட்டும் சாஹா கருதவில்லை. 1930களின் இறுதியில் வங்க இதழ் ஒன்றில் நடந்த விவாதத்தில், அறிவியல் அனைத்தும் வேதங்களிலேயே உள்ளது என்ற கூற்றை அவர் நூலாதாரங்களோடு மறுத்தார். கையால் செய்வோரையும் மூளையால் சிந்திப்போரையும் சாதி பிரித்து வைத்ததே இந்தியத் தொழில்நுட்பத்தின் தேக்கத்திற்குக் காரணம் என்பது அவரது வாதம். நெய்தவனும் உருக்கியவனும் எழுத்தறிய முடியவில்லை. எழுத்தறிந்தவன் கருவியைத் தொடவில்லை. கருவிகளைத் தாமே உருவாக்க மாணவர்களைப் பழக்கிய ஆசிரியரின் பட்டறிவிலிருந்து பிறந்த முடிவு அது.

1952இல் கல்கத்தாவின் வடமேற்குத் தொகுதியிலிருந்து சுயேச்சையாக நாடாளுமன்றம் சென்றார். 1956 பிப்ரவரி 16 அன்று, தில்லியில் திட்டக் குழு அலுவலகத்திற்குச் செல்லும் வழியில் மாரடைப்பால் இறந்தார். அதே ஆண்டு டிசம்பர் 6இல் அண்ணல் அம்பேத்கரும் மறைந்தார். ஒருவர் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பரோடா மன்னரின் உதவித்தொகையால் படித்தவர்; மற்றவர் கல்கத்தாவில் மாவட்ட உதவித்தொகையால் படிப்பைத் தொடங்கியவர். பட்டியல் சாதி மாணவர்களின் உயர்கல்விக்கு அரசே நிதி தர வேண்டும் என்று வைசிராய் நிர்வாகக் குழுவில் இருந்தபோது அம்பேத்கர் போராடிப் பெற்றதன் பின்னணியில் இந்தப் பட்டறிவே இருந்தது.

2016 சனவரியில் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழக ஆய்வாளர் ரோஹித் வெமுலா உயிர்நீத்தபோது, அவர் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தார். மாதக் கணக்கில் உதவித்தொகை வரவில்லை. அவரும் விண்மீன்களை நேசித்தவர். 2012இலேயே வளாகங்களில் சமத்துவத்திற்கான விதிமுறைகளைப் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்டிருந்தது. விதி தாளில் இருந்தது. விடுதி பழைய விடுதியாகவே இருந்தது.

ஆகவே ஒரு பல்கலைக்கழகம் வளர்கிறதா என்று அறியக் கட்டடங்களையும் தரவரிசையையும் மட்டும் பார்த்தால் போதாது. உதவித்தொகை மாதந்தோறும் உரிய நாளில் வருகிறதா? விடுதிப் பந்தியில் எல்லோரும் ஒன்றாக உண்கிறார்களா? பாகுபாடு நடந்தால் வெளியேறுவது யார்? ஆய்வுக்கூடத்தின் சாவி யார் கையில் இருக்கிறது? இக்கேள்விகளை ஒவ்வொரு வளாகத்திலும் மாணவர் அமைப்புகள் எழுத்தில் கேட்க வேண்டும். எழுத்திலேயே பதிலும் பெற வேண்டும்.

சாஹா எல்லாவற்றையும் தாண்டி வந்தார் என்பது உண்மை. அவரோடு அதே ஆண்டுகளில் சிமுலியாவுக்கும் டாக்காவுக்கும் நடந்து, 4 ரூபாய் கிடைக்காமல் கடைக்கும் வயலுக்கும் திரும்பியவர்களின் பெயர்கள் எந்தப் பாடநூலிலும் இல்லை. அந்தப் பட்டியல் இனி நீளாமல் பார்ப்பதே நம் வேலை.